தரையில் படுத்திருப்பவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், அரசு மருத்துவமனைகளின் மாதாந்திரப் புள்ளிவிவரங்களைப் பார்த்து முடிவெடுக்கும் இயக்குநரக அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தாலுகா மருத்துவமனையில் வேலையைத் தொடங்கினேன். கடைசி 14 ஆண்டுகள் தென்மாவட்டம் ஒன்றில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தேன். நைட் டியூட்டி என்றால் 12 மணிக்கு ஒரு வேலை கட்டாயம் உண்டு: சென்சஸ் எடுப்பது. நேற்று இரவு வார்டில் இருந்தவர்கள் எத்தனை பேர், இன்று அட்மிஷன் எத்தனை, வேறு வார்டிலிருந்து வந்தவர்கள் எத்தனை, டிஸ்சார்ஜ், இறப்பு, வேறு வார்டுக்குப் போனவர்கள், சொல்லாமல் கிளம்பிப் போனவர்கள் என்று கூட்டிக் கழித்தால் இன்று இரவு மீதி இருப்பவர்கள் கிடைப்பார்கள். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்து, தலைகளை எண்ணி, கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். காலையில் அந்தத் தாள் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து மருத்துவ ஆவணப் பிரிவுக்கு. மாதக் கடைசியில் எல்லா வார்டுகளின் தாள்களும் சேர்ந்து ஒரே ஒரு எண்ணாக மாறி உங்கள் மேசைக்கு வரும். பெட் ஆக்குபன்சி, அதாவது மொத்தக் கட்டில்களுக்கு நோயாளிகள் இருந்தது இத்தனை சதவீதம்.

அந்த எண்ணைப் பற்றித்தான் இந்த மடல். அதைப் பொய் என்று சொல்ல வரவில்லை. கூட்டலில் தப்பு இருக்காது. நாங்கள் கவனமாகத்தான் எழுதினோம். ஆனால் அந்த எண் உங்களிடம் வந்து சேரும்போது, வார்டில் நாங்கள் கண்ணால் பார்த்த எதுவுமே அதில் மிஞ்சியிருப்பதில்லை.

ஒரு இரவைச் சொல்கிறேன். ஐப்பசி மாதம், காய்ச்சல் சீசன். பெண்கள் மெடிக்கல் வார்டில் 40 கட்டில். அன்று 12 மணிக்கு நான் எண்ணியது 67 பேர். இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு பாய், கட்டிலுக்கு அடியில் ஒரு பாய், வராந்தாவில் கிரில் ஓரமாக வரிசையாகப் பாய்கள். டிரிப் ஸ்டாண்டு போதாமல் ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வராந்தாவின் கடைசிப் பாயில் ஒரு பாட்டி. அவரோடு துணைக்கு யாரும் இல்லை. நான் டார்ச் அடித்துக்கொண்டு போனபோது கண்ணைத் திறந்து, "தாயி, கால் விறைக்குது" என்றார். போர்வையை இழுத்து விட்டேன். "இந்தா வர்றேன் பாட்டி" என்று சொல்லிவிட்டு எண்ணிக்கையைத் தொடர்ந்தேன். அவர் 67-ஆவது ஆள். சென்சஸ் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் கேஷுவாலிட்டியிலிருந்து இன்னொரு அட்மிஷன் வந்தது, அப்புறம் இன்னொன்று. மறுபடி நான் அந்தப் பாட்டியிடம் போனபோது மணி நாலு. ரத்த அழுத்தம் கையில் பிடிபடாத அளவுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் ஓடி வந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் மதியம் இறந்துவிட்டார்.

கட்டிலில் படுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்று இரவு நான் அவரை எண்ணினேனே தவிர, நின்று பார்க்கவில்லை. 40 பேருக்கென்று போடப்பட்ட இரண்டு செவிலியர்கள் 67 பேரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாதத்தின் அறிக்கையில் எங்கள் மருத்துவமனையின் பெட் ஆக்குபன்சி 90-களில் இருந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் அதற்காக எங்களைப் பாராட்டினார்கள்.

67 பேர் படுத்திருந்த வார்டு உள்ள மருத்துவமனையில் சராசரி எப்படி நூறுக்குள் வந்தது? அதே கட்டடத்தின் இன்னொரு மாடியில், தோல் வார்டில், கட்டில்கள் காலியாகக் கிடந்தன, அதனால்தான். எளிய கணக்கு இது. 40 கட்டில் உள்ள ஒரு வார்டில் 60 பேர், 40 கட்டில் உள்ள இன்னொரு வார்டில் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 150 சதவீதம், இரண்டாவது 50 சதவீதம். சேர்த்தால் 80 கட்டிலுக்கு 80 பேர், சரியாக 100 சதவீதம். தாளில் பார்த்தால் ஒரு கட்டில்கூட வீணாகவில்லை, ஒருவர்கூட அதிகம் இல்லை. நேரில் போனால் 20 பேர் தரையில், 20 கட்டில் காலி. தோல் வார்டின் காலிக் கட்டிலும் மெடிக்கல் வார்டின் பாயும் சராசரி என்ற ஒரே பெட்டிக்குள் போய் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன.

காலிக் கட்டிலுக்கு ஏன் மாற்றவில்லை என்று கேட்பீர்கள். அந்த வார்டு வேறு துறையுடையது, அங்கே இரவில் ஒரு செவிலியர்தான், இந்த யூனிட் டாக்டர் அந்த மாடிக்கு ரவுண்ட்ஸ் போக வேண்டியிருக்கும், தொற்று வார்டில் மற்றவர்களைப் போட முடியாது. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். வார்டு வார்டாக எண் மேலே போயிருந்தால் யாராவது உட்கார்ந்து அந்தக் காரணங்களை அவிழ்த்திருப்பார்கள். சராசரி மட்டும் போனதால் அப்படி ஒரு சிக்கல் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

அடுத்தது, எதால் வகுக்கிறோம் என்பது. பெட் ஆக்குபன்சி என்றால் மாதம் முழுக்க எண்ணிய தலைகளைக் கூட்டி, கட்டில்களின் எண்ணிக்கையை நாள்களால் பெருக்கி, அதால் வகுத்து, நூறால் பெருக்குவது. 30 கட்டில், 30 நாள் என்றால் வகுக்க வேண்டிய எண் 900. இதில் 30 என்பது எந்தக் கட்டில்? அரசாணையில் அனுமதிக்கப்பட்ட கட்டிலா, வார்டில் உண்மையில் போட்டிருக்கும் கட்டிலா, மெத்தையும் ஆளும் இருந்து நோயாளியைப் படுக்க வைக்கத் தயாராக உள்ள கட்டிலா? மூன்றும் மூன்று எண்கள். கால் உடைந்த கட்டில் ஸ்டோரில் கிடக்கும், அனுமதி எண்ணில் அது இன்னும் உயிரோடு இருக்கும். நன்கொடையாக வந்த கட்டிலை வார்டில் போட்டிருப்போம், அது அனுமதி எண்ணில் வராது. கூரை ஒழுகி ஒரு பகுதியையே மூடி வைத்திருப்போம், அதையும் சேர்த்தே வகுப்போம். நான் பார்த்த வரையில் எப்போதும் அனுமதி எண்ணால்தான் வகுத்தோம். அதனால் சில வார்டுகள் நூற்றைம்பது சதவீதமாகத் தெரிந்தன. மூடிக் கிடந்த வார்டுகள் யாருமே விரும்பாத வார்டுகளைப் போலத் தெரிந்தன.

வகுக்கும் எண்ணில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. பணிக்காலத்தில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, ஐ.பி.எச்.எஸ். என்று நாம் சொல்லும் இந்தியப் பொதுச் சுகாதாரத் தரநிலைகளின் 2012-ஆம் ஆண்டுப் பதிப்பைக் கையில் கொடுத்தார்கள். மாவட்ட மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை வேண்டும் என்று அதில் ஒரு கணக்கு. 10 லட்சம் மக்கள் உள்ள மாவட்டம். 50 பேருக்கு ஒருவர் வீதம் ஆண்டுக்கு 20,000 பேர் அட்மிஷன் ஆவார்கள். ஒருவர் சராசரியாக 5 நாள் தங்கினால் 1,00,000 படுக்கை நாள்கள். அதை 365-ஆல் வகுத்தால், எல்லாக் கட்டிலும் எல்லா நாளும் நிரம்பியிருக்கும் என்ற கணக்கில், ஏறக்குறைய 275 படுக்கை. இதுவரை சரி. அடுத்த வரியில், ஆக்குபன்சி 80 சதவீதம் என்றால் எத்தனை படுக்கை என்பதற்கு 275-ஐ 80 சதவீதத்தால் பெருக்கி 220 என்று போட்டிருந்தது.

நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் அந்த வரியில் நின்றுவிட்டேன். எல்லாக் கட்டிலும் நிரம்பினாலே 275 வேண்டும் என்றால், ஐந்தில் ஒரு கட்டிலை அவசரத்துக்குக் காலியாக வைத்திருக்க 275-ஐ விட அதிகம் அல்லவா வேண்டும்? பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும். வகுத்தால் 343 வருகிறது. 220-க்கும் 343-க்கும் இடையில் 123 கட்டில். ஒரு முழு தாலுகா மருத்துவமனையே அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். 10 லட்சத்துக்கு 220 என்றால் ஒரு லட்சத்துக்கு 22. நிதி ஆயோக் 2021-ல் நாட்டின் 707 மாவட்ட மருத்துவமனைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் இந்த 22-தான் அளவுகோல். நாட்டின் சராசரி 24, ஆகவே தரத்தைத் தாண்டியாயிற்று என்ற தோற்றம் அதில் கிடைக்கிறது. வகுத்திருந்தால் அளவுகோல் 34 ஆகியிருக்கும். 24 என்பது பெரிய பற்றாக்குறையாகத் தெரிந்திருக்கும். தரநிலைகளை 2022-ல் திருத்தி எழுதிவிட்டார்கள். இருந்தாலும் பத்தாண்டு காலம் ஒரு நாடே வைத்து அளந்த கோல் அது. ஆக்குபன்சி என்ற சொல்லை நாம் எவ்வளவு மேலோட்டமாகக் கையாளுகிறோம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

நள்ளிரவில் எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏன் 12 மணி? நாள் மாறும் நேரம், நடமாட்டம் குறைவு, ஒரே ஆளை இரண்டு வார்டில் எண்ணிவிடும் ஆபத்து கிடையாது. இங்கிலாந்திலும் இரவு தங்கும் படுக்கைகளை நள்ளிரவில்தான் எண்ணுகிறார்கள். ஆனால் பகலில் மட்டும் இயங்கும் படுக்கைகளுக்கு அங்கே தனிக்கணக்கு உண்டு. டயாலிசிஸுக்குக் காலை 7 மணிக்கு வருபவர் மதியம் போய்விடுவார். அதே கட்டிலில் மதியம் இன்னொருவர். புற்றுநோய்க்கு மருந்தேற்றும் கீமோ வார்டில் நாள் முழுக்கக் கட்டில் நிரம்பியிருக்கும், இரவு 12 மணிக்கு ஒருவரும் இருக்க மாட்டார்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்கு ஒரு காலத்தில் ஒரு வாரம் அசையாமல் படுக்க வைப்போம். இப்போது அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மருத்துவம் முன்னேறியதால் கண் வார்டின் ஆக்குபன்சி குறைந்தது. கூட்டத்தில் அந்த எண்ணைப் பார்த்து, கண் வார்டு சரியாக வேலை செய்யவில்லையா என்று கேட்டார்கள். வார்டு சிஸ்டர் கண்ணில் நீர் முட்ட எழுந்து நின்றார். அந்த மாதம்தான் அவர்கள் முன் எப்போதையும் விட அதிகம் பேருக்கு அறுவை சிகிச்சை செய்திருந்தார்கள்.

வார்டில் உண்மையான நெருக்கடி நேரம் நள்ளிரவு அல்ல, காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. டிஸ்சார்ஜ் என்று ரவுண்ட்ஸில் சொல்லியாகிவிட்டது, சம்மரி எழுதி முடிக்கவில்லை. காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவர் என்றால் அதற்கான தாள் ஒன்று பாக்கி. ஊருக்குப் போகும் பஸ் சாயங்காலம்தான். அவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். புதிதாக வந்தவர் அதே கட்டிலுக்குப் பக்கத்தில் பையோடு நிற்பார். ஒரே கட்டிலுக்கு இரண்டு பேர். இரவு 12 மணிக்கு ஒருவர்தான் இருப்பார். அந்த ஐந்து மணி நேரமும் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. பிரசவ வார்டில் நிலைமை இன்னும் கூடுதல். தாய்க்கு ஒரு கணக்கு, நல்லபடியாகப் பிறந்து தாயோடு படுத்திருக்கும் குழந்தைக்குக் கணக்கே இல்லை. 30 தாய்மார்கள் என்று எழுதிய இரவில் நாங்கள் பார்த்துக்கொண்டது 60 உயிர்களை. பால் குடித்ததா, சிறுநீர் போனதா, மஞ்சள் ஏறுகிறதா என்று அந்த 30 சின்ன உடம்புகளையும் பார்ப்பது வேலை இல்லையா?

இதையெல்லாம் விட என் மனதில் கிடந்து உறுத்துவது ஒன்று உண்டு. கட்டில் நிரம்பியிருப்பது நல்லது, எவ்வளவு நிரம்புகிறதோ அவ்வளவு திறமை என்ற எண்ணம் எப்படியோ நம் எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. சினிமா தியேட்டருக்கு ஹவுஸ்ஃபுல் பெருமை. மருத்துவமனைக்கு அது ஆபத்து. செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் 21, 22 அடியை நெருங்கும்போதே தண்ணீரைத் திறந்துவிடத் தொடங்குகிறார்கள். ஏன்? இன்று இரவு எவ்வளவு மழை கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. வரப்போகும் வெள்ளத்துக்கு இடம் விட்டு வைப்பது வீண் என்று எந்தப் பொறியாளரும் சொல்ல மாட்டார். வார்டும் அப்படித்தான். பஸ் கவிழ்ந்தால் ஒரே மணி நேரத்தில் 20 பேர் வருவார்கள். எந்த நாளில் என்று யார் சொல்ல முடியும்?

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1999-ல் இதைக் கணினியில் போட்டுப் பார்த்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அவசர நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையில் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டும்போதே, வருபவருக்குக் கட்டில் இல்லாமல் போகும் ஆபத்து தலைகாட்டத் தொடங்குகிறது. 90-ஐத் தாண்டினால் தட்டுப்பாடு வழக்கமாகிவிடுகிறது. இந்த 85 எல்லா வார்டுக்கும் பொருந்தும் மந்திர எண் அல்ல. பெரிய மருத்துவமனை கொஞ்சம் கூடுதலாக நிரம்பினாலும் தாங்கும். 8 கட்டில் உள்ள தீவிர சிகிச்சைப் பிரிவில் 7 நிரம்பினாலே, அடுத்து வரும் இரண்டாவது ஆளுக்கு இடமில்லை. ஆகவே சின்னப் பிரிவுகளுக்கு இன்னும் அதிக இடைவெளி வேண்டும். இவ்வளவு தெரிந்த பிறகும், 98 சதவீதம் என்று அறிக்கை அனுப்பும் மருத்துவமனையை மேடையில் பாராட்டுவதும் 72 சதவீதம் என்று அனுப்புவதை விளக்கம் கேட்பதும் சரியா என்று யோசித்துப் பாருங்கள்.

எண்ணுக்குப் பாராட்டு கிடைக்கிறது என்றால் எண் தானாக ஏறும். நோயாளிகளை ஒரு நாள் கூட வைத்திருந்தால் போதும். ஆய்வு வருகிற வாரத்தில், "டிஸ்சார்ஜ் கொஞ்சம் பொறுத்துப் போடுங்க சிஸ்டர்" என்று சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். சொன்னவர் கெட்டவர் இல்லை. மருத்துவக் கல்லூரி என்றால் தேசிய மருத்துவ ஆணையம் இந்தச் சதவீதத்தைக் கேட்கிறது, குறைந்தால் கல்லூரிக்குச் சிக்கல் என்ற பயம்தான் அவரை அப்படிப் பேச வைத்தது. குணமாகி வீட்டுக்குப் போக வேண்டிய ஒருவர், கூலி வேலைக்குப் போக வேண்டிய ஒருவர், எங்கள் சதவீதத்துக்காக இன்னும் இரண்டு நாள் படுத்திருந்தார். மருத்துவமனையில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்று பிடிக்க ஒரு வாய்ப்பு என்று எங்களுக்குப் பாடத்தில் சொல்லிக் கொடுத்தவர்களும் நீங்கள்தான்.

அதனால்தான் ஆக்குபன்சியைத் தனியாகப் படிக்காதீர்கள் என்று கேட்கிறேன். இரண்டு வார்டுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் 30 கட்டில், இரண்டிலும் மாதத்துக்கு 810 நோயாளி நாள்கள், இரண்டும் 90 சதவீதம். முதல் வார்டில் 270 பேர் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கிறார்கள். ஒருவர் தங்கியது சராசரி 3 நாள். இரண்டாவது வார்டில் 27 பேர். ஒருவர் தங்கியது 30 நாள். முதல் வார்டில் ஒருவர் எழுந்து போனதற்கும் அடுத்தவர் வந்து படுப்பதற்கும் நடுவில் சராசரி 8 மணி நேரம். இரண்டாவதில் மூன்று நாளுக்கு மேல். ஒரே 90, ஆனால் இரண்டும் வேறு வேறு உலகம். முதல் வார்டு சிஸ்டருக்கு அந்த 8 மணி நேரத்துக்குள் கட்டிலைத் துடைத்து, விரிப்பு மாற்றி, பழைய கேஸ் ஷீட்டை முடித்து, புதிய ஆளுக்கு ஊசி குத்தி மருந்து தொடங்க வேண்டும், மாதத்துக்கு 270 தடவை. இரண்டாவது வார்டில் புண் ஆறாத சர்க்கரை நோயாளிகளும் யாரும் அழைத்துப் போக வராத முதியவர்களும் இருப்பார்கள். அங்கே தேவைப்படுவது இன்னொரு கட்டில் அல்ல, அவர்களுக்கு ஒரு வீடு.

இந்த எண்களைச் சேர்த்துப் பார்க்கும் வழி புதிதல்ல. கொலம்பியாவைச் சேர்ந்த பாபோன் லாசோ என்பவர் 1986-லேயே ஒரு எளிய வரைபடம் போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் ஆக்குபன்சி, இன்னொரு பக்கம் ஒரு கட்டிலுக்கு எத்தனை பேர் மாறினார்கள் என்ற எண். நான்கு கட்டங்கள் கிடைக்கும்; ஒவ்வொரு மருத்துவமனையும் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதைப் பார்த்தாலே அதன் நோய் என்ன என்று பாதி தெரிந்துவிடும். ஒரு கிராஃப் தாள் போதும்.

இன்னும் பின்னால் போனால், எங்கள் தொழிலின் தாயே இதைத்தான் சொன்னார். நர்சிங் பள்ளியில் சேர்ந்த நாளில் கைவிளக்கேந்திய காரிகை என்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் படத்தைக் காட்டினார்கள். அவர் 1858-ல் லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் ஆனவர் என்பதையும், எல்லா மருத்துவமனைகளும் ஒரே மாதிரியான படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று 1860-ல் லண்டனில் நடந்த சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டுக்குத் திட்டம் கொடுத்தவர் என்பதையும் நான் ஓய்வு பெறும் வயதில்தான் தெரிந்துகொண்டேன். ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்கள், சேர்ந்தவர்கள், குணமானவர்கள், இறந்தவர்கள், மிச்சம் இருப்பவர்கள். நான் 12 மணிக்கு எழுதிய தாளின் பாட்டி அந்தப் படிவம். அவர் கணக்கு எழுதச் சொன்னது, எந்த மருத்துவமனையில் ஏன் அதிகம் பேர் சாகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்காக.

இது முடியாத காரியம் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன், ஏனென்றால் நீங்களே செய்து காட்டியிருக்கிறீர்கள். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. சென்னையில் மருத்துவத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் கட்டளை மையம் இயங்கியது, 104 உதவி எண்ணுக்கு அழைப்புகள் கொட்டின. அரசின் இணையதளத்தில் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஆக்சிஜன் படுக்கை எத்தனை காலி, ஆக்சிஜன் இல்லாத படுக்கை எத்தனை, ஐ.சி.யூ. எத்தனை என்று தனித்தனியாகப் போட்டார்கள். காலி என்று பார்த்துவிட்டு ஓடிவந்தவர்களுக்கு அதற்குள் அந்தக் கட்டில் நிரம்பிப் போயிருந்ததும் உண்டு. அப்படி ஏமாந்து வந்த ஒரு மகன் எங்கள் வார்டு வாசலில் கத்தி அழுததும் எனக்கு நினைவிருக்கிறது. குறை இருந்தது. ஆனாலும் படுக்கை என்றால் வெறும் கட்டில் அல்ல, ஆக்சிஜனும் ஆளும் சேர்ந்ததுதான் என்பதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொண்டது. பொதுமக்கள் பார்க்கும்படி வைத்தது. அலை ஓய்ந்ததும் பழைய மாதாந்திரச் சதவீதத்துக்கே திரும்பிவிட்டோம்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள எதையும் அல்ல. முதலில், சென்சஸ் தாளில் தரைக்கு ஒரு கட்டம் போடுங்கள். கட்டிலில் இத்தனை பேர், தரையில் இத்தனை பேர், ஒரே கட்டிலில் இருவராக இத்தனை பேர் என்று தனித்தனியாக. இப்போது ஃப்ளோர் பேஷண்ட்டும் மொத்தத்தில் கரைந்துவிடுகிறார். அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் அந்தப் பாட்டி இருந்த மாதத்தில் எங்கள் வார்டிலிருந்து ஏறக்குறைய 800 தரை நாள்கள் என்று ஒரு எண் உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதைப் பார்த்து யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் செவிலியர்களின் சங்கமான ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் 2025 ஜனவரியில் 5,000-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் சொன்னவற்றைத் திரட்டி, நடைபாதையில் வைத்துச் சிகிச்சை பார்க்கும் கொடுமையை வெளியே கொண்டுவந்தது. பணக்கார நாட்டின் செவிலியர்களே வெட்கப்படாமல் அதைச் சொன்னார்கள். நாம் ஏன் மறைக்க வேண்டும்?

மதியம் ஒரு மணிக்கும் ஒரு தடவை எண்ணச் சொல்லுங்கள். தினமும் முடியாவிட்டால் மாதத்தில் ஒரு வாரம் போதும். டயாலிசிஸ், கீமோ, கண் வார்டுகளுக்குப் பகல் கணக்கைத் தனியாக வாங்குங்கள். பச்சிளம் குழந்தைகளைச் செவிலியர் பணிக்கணக்கில் சேருங்கள். எந்த எண் வந்தாலும் வார்டு பெயரோடு வரட்டும், எந்தக் கட்டில்களால் வகுத்தோம் என்பதும் பக்கத்தில் இருக்கட்டும்.

இதில் எதைச் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றைச் செய்யுங்கள். தரைக்கணக்கு வரும்போது அதை மருத்துவமனையின் மீது குற்றமாகப் போடாதீர்கள். போட்டால் மறுமாதமே அந்தக் கட்டத்தில் பூஜ்யம் வரும். வார்டு அப்படியேதான் இருக்கும். அரசு மருத்துவமனை யாரையும் இடமில்லை என்று திருப்பி அனுப்புவதில்லை. அந்தப் பாய் அதனால் வந்தது. எனக்கு அதில் பெருமைதான். அந்த எண்ணைப் பார்த்து ஆள் அனுப்புங்கள். கற்பித்தல் மருத்துவமனையின் பொது வார்டில் 3 படுக்கைக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. அதில் படுக்கை என்பதற்குப் பதிலாக நோயாளி என்று வைத்து, தரையில் இருப்பவரையும் சேர்த்து ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2022 ஜனவரியில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மாவட்டத்துக்கே பெருமையான நாள். அப்புறம் என்ன ஆகும் என்பதும் எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்ததுதான். பெரிய ஆஸ்பத்திரி வந்ததும் சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லோரும் அங்கேதான் போவார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள தாலுகா மருத்துவமனையில் கட்டில் காலியாகக் கிடக்கும். நான் முதலில் வேலை பார்த்த தாலுகா மருத்துவமனையில் இரவில் சிசேரியன் செய்ய மயக்க மருந்து டாக்டர் இல்லாததால், நல்ல கட்டில் இருந்தும் தாய்மார்களை 108-ல் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம். அந்தத் தாய்மார்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் தரையில் படுத்தார்கள். இரண்டு மருத்துவமனைகளின் எண்ணையும் ஒன்றாக வைத்து யாராவது பார்த்திருந்தால், தேவைப்பட்டது 30 கட்டில் அல்ல, ஒரே ஒரு டாக்டர் என்று புரிந்திருக்கும்.

நான் இருந்த வார்டில் இப்போது பணியில் இருக்கும் தங்கை ஒருத்தி போன வாரம் போனில் பேசினாள். சென்சஸ் தாள் இப்போது கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டதாம், கையெழுத்துக்குப் பதில் பாஸ்வேர்டு. தரைக்குக் கட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை அக்கா, ஆனால் கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு இடம் இருக்கிறது, யாரும் எதுவும் எழுதுவதில்லை என்றாள். அவளிடம் ஒன்று சொல்லியிருக்கிறேன். தினமும் இரவு அந்த இடத்தில் தரையில் இத்தனை பேர் என்று ஒரு எண்ணை மட்டும் எழுது என்று. எழுதத் தொடங்கிவிட்டாள். வேறு வார்டுகளிலும் இரண்டு மூன்று பேர் எழுதுகிறார்களாம். உங்களுக்கு வரும் அறிக்கைகளில் அந்தக் கடைசி இடத்தையும் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு செவிலியர் ஒருவர்